தார் பாலைவனத்துப் பாறைகளைப் பார்ப்பதும் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெய்சல்மேர், ஜோத்பூர் பக்கம் போய்வருகிறவர்களும் போக நினைக்கிறவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். பிள்ளைகளுக்கு டைனோசர் காட்ட விரும்பும் பெற்றோர், கல்லூரியில் நிலவியல் படிக்கும் மாணவர்கள், ஒட்டகச் சவாரிக்குப் போய்விட்டுக் கையில் ஒரு கல்லோடு திரும்பியவர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

1. பாலைவனம் என்றால் மணல்தானே? அங்கே போய்ப் பாறையில் பார்க்க என்ன இருக்கிறது?

தாரில் வாழும் மக்களே தங்கள் நிலத்தை ஒரே மணற்காடாகப் பார்ப்பதில்லை. மணல்மேட்டை 'தோரா' என்கிறார்கள். கல் பரவிய மேட்டு நிலம் 'மக்ரா'. மழைநீர் தேங்கி வற்றி உப்புப் பூக்கும் தாழ்நிலம் 'ரண்'. ஜெய்சல்மேர் நகரைச் சுற்றிப் பெரும்பகுதி மக்ராதான். சுற்றுலா விளம்பரங்களில் வரும் மணல்மேடுகளைப் பார்க்க அங்கிருந்து 40 கிலோமீட்டர் மேற்கே சாம் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

அடர்ந்த மரங்களும் ஆழமான மண்ணும் இல்லாததால் இங்கே பாறை வெட்டவெளியில் தெரிகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பாறை அடுக்கைப் பார்க்க வேண்டுமானால் சாலை வெட்டிய இடத்தையோ ஓடைக்கரையையோ தேட வேண்டும். தாரில் நடந்துகொண்டே அடுக்கடுக்காகப் பார்த்துக்கொண்டு போகலாம். 75 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறையும், 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி இழுத்து வந்து போட்ட கற்களும், 18 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்களும் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் கிடக்கின்றன. ஆபத்தும் இந்த வெட்டவெளியில்தான் இருக்கிறது. மூடிக் காக்க மண் இல்லை, பெரும்பாலான இடங்களில் வேலியும் இல்லை.

2. கோட்டை, கோயில் என்றால் பாரம்பரியம் என்று புரிகிறது. ஒரு கல் எப்படிப் பாரம்பரியம் ஆகும்?

இந்தப் பூமி எப்படி உருவானது, எங்கே கடல் இருந்தது, எங்கே எரிமலை வெடித்தது, எந்த உயிர் எப்போது வாழ்ந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. பாறை ஒன்றே சான்று. 1991இல் பிரான்சின் தீஞ் நகரில் கூடிய நிலவியலாளர்கள் 'பூமியின் நினைவுக்கும் உரிமை உண்டு' என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். பூமியின் கதையைச் சொல்லும் பாறைகளையும் இடங்களையும் மரபுச் செல்வமாகக் கருதும் புவிமரபு, அவற்றைப் பார்க்கப் போகும் புவிச்சுற்றுலா என்ற பேச்சு உலகெங்கும் வலுப்பெற அது பெரிதும் உதவியது. கோட்டைச் சுவர் இடிந்தால் அதே கல்லால் ஓரளவாவது திருப்பிக் கட்டலாம். டைனோசரின் காலடி பதிந்த பாறை உடைந்தால் அதைச் செய்ய வழியில்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடெங்கும் சில இடங்களைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னங்களாக அறிவித்திருக்கிறது. அந்தப் பட்டியலில் மிக அதிக இடங்களைக் கொண்ட மாநிலம் ராஜஸ்தான். தமிழ்நாட்டில் திருவக்கரைக் கல்மரங்கள் (கல்லாக மாறிய மரங்கள்), சாத்தனூர்க் கல்மரம், சென்னை பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறை ஆகியவை அதில் இருக்கின்றன. பரங்கிமலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பாறையைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

3. நான்கு நாள்தான் விடுமுறை. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?

ஜோத்பூரில் தொடங்குங்கள். மன்னார்குடியிலிருந்து பகத் கீ கோட்டி வரை வாராந்தர விரைவு ரயில் ஓடுகிறது. பகத் கீ கோட்டி ஜோத்பூரை ஒட்டிய நிலையம். முதல் நாளை மெஹ்ரான்கட் கோட்டைக்கும் அதன் அடிவாரத்திலுள்ள ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவுக்கும் கொடுங்கள். அடுத்த நாள் ஜெய்சல்மேருக்குப் புறப்படலாம். ஏறத்தாழ 280 கிலோமீட்டர் சாலைப் பயணம். மூன்றாம் நாள் காலையில் ஆகல் கல்மரப் பூங்கா, மாலையில் குல்தரா. நான்காம் நாள் ஜெய்சல்மேர்க் கோட்டை.

குல்தராவைப் பேய் ஊர் என்று சொல்லி அழைத்துப்போவார்கள். பாலிவால் மக்கள் விட்டுப்போன அந்த ஊரின் வீடுகள் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டவை. பேய்க் கதையைவிட அவர்களுடைய 'கடீன்' முறை நம் கவனத்துக்கு உரியது. சுற்றியுள்ள மக்ராவில் விழும் மழைநீர் பாறைமேல் வழிந்தோடித் தாழ்நிலத்தில் சேரும். அங்கே நீண்ட கரை எழுப்பி நீரைத் தேக்கி, ஈரம் ஊறிய பிறகு அதே நிலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். எந்தப் பாறை நீரை வழியவிடும், எந்த மண் பிடித்துவைக்கும் என்று தெரிந்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும்.

4. எந்த மாதத்தில் போகலாம்? அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடையிலுள்ள பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போகத் திட்டமிடுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. மேலே சொன்ன இடங்கள் அதில் வராது.

5. ஆகலில் கம்பிக் கூண்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறார்களே, போகத்தான் வேண்டுமா?

ஜெய்சல்மேரிலிருந்து பாட்மேர் சாலையில் 17 கிலோமீட்டர் போனால் ஆகல். 21 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 25 கல்மரங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்துதான் தெளிவாகத் தெரிகின்றன. பெரியதன் நீளம் 13.4 மீட்டர். வெயிலும் கல் எடுப்பவர்களும் அண்டாமல் இருக்க அவற்றின் மேல் தகரக் கூரையும் கம்பிக் கூண்டும் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாக இல்லைதான். விளக்கப் பலகைகளும் போதாது. முன்கூட்டியே எதுவும் தெரியாமல் போகிறவர் பத்து நிமிடத்தில் ஏமாற்றத்துடன் திரும்புவதில் வியப்பில்லை.

கூண்டுக்குள் குனிந்து கல்லின் மேல்பரப்பைப் பாருங்கள். மரத்தின் நரம்பும் முடிச்சும் தெரியும். இது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், வெப்பமும் ஈரமும் மிகுந்த காட்டில் நின்ற மரம். பூக்கும் தாவரங்கள் பெருகாத காலம் அது. வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தபின், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் புகுந்து படிந்து கல்லாக்கிவிட்டது. முள்செடி மட்டும் முளைக்கும் இந்த மண்ணில் நின்றுகொண்டு 'இது காடாக இருந்தது' என்று உணர்கிற வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கண்டிப்பாகப் போங்கள், அரை நாள் ஒதுக்குங்கள்.

6. கல்மரம் பார்க்க ராஜஸ்தான் வரை போக வேண்டுமா? திருவக்கரையிலேயே இருக்கிறதே?

முதலில் திருவக்கரைக்குப் போங்கள் என்றுதான் நானும் சொல்வேன். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அந்த மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையானவை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் மரம் அதைவிடப் பல மடங்கு பழையது, டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியக் காலத்தது, கடல் படிவுகளில் புதைந்தது. ஆகல் சாத்தனூரைவிடவும் பழையது. மூன்றையும் பார்த்தவருக்கு இந்த நாட்டின் காடுகள் மாறிவந்த கதை ஓரளவு புரியும். காக்கும் முறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று இடங்களிலும் வேலி போட்டிருக்கிறார்கள். அந்த வேலிக்கு உள்ளே நின்று கதை சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

7. ஜோத்பூரில் எரிமலை இருந்ததாம். கோட்டையைப் பார்த்தேன், எரிமலையைக் காணவில்லையே?

நீங்கள் அதன் மேலேயே நின்றிருக்கிறீர்கள். 1459இல் ராவ் ஜோதா கோட்டை கட்டத் தொடங்கிய குன்று முழுவதும் எரிமலை கக்கிய பாறைதான். ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கு ராஜஸ்தானில் 50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் எரிமலைக் குழம்பும் சாம்பலும் பரவின. இதை மாலானி எரிபாறைத் தொகுதி என்கிறார்கள். இவ்வகைப் பாறைப் பரப்புகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. பறந்து விழுந்த சாம்பல், தன் வெப்பத்தாலேயே இறுகிப் பற்றவைத்தது போலக் கெட்டியான பாறை ஆகியிருக்கிறது. பல இடங்களில் ரையோலைட் என்ற எரிமலைப் பாறை தூண் தூணாகப் பிளந்து நிற்பதையும் காணலாம்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். கோட்டைச் சாலையோரத்தில் இந்தச் செம்பழுப்பு எரிமலைப் பாறைக்கு நேர் மேலே மணற்கல் அடுக்கு தொடங்கும். எரிமலை அடங்கிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் காற்றும் மழையும் அரித்த பிறகுதான் அந்த மணல் வந்து படிந்தது. இரண்டும் தொடும் கோட்டில் கை வைத்தால் கீழே ஒரு காலம், மேலே வேறு காலம். இடையில் விடுபட்டுப்போன காலம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்தச் சந்திப்பையும் இறுகிய சாம்பல் பாறையையும் தனித்தனி நினைவுச்சின்னங்களாக அறிவித்திருக்கிறார்கள். கோட்டையின் அடித்தளம் எரிமலைப் பாறை, எழுந்து நிற்கும் சுவர் மணற்கல். நிலவியல் பாடம் முழுவதும் ஒரே காட்சியில் அடங்கியிருக்கிறது.

8. டைனோசர் எலும்பைப் பார்க்க முடியுமா? பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

நிலத்தில் பார்க்க முடியாது. ஜெய்சல்மேருக்கு அருகிலுள்ள ஜேட்வாயில் தோண்டியெடுத்த எலும்புகளை ஆராய்ந்து, ரூர்க்கி ஐஐடியைச் சேர்ந்த சுனில் பாஜ்பாயும் தேபஜித் தத்தாவும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரும் 2023இல் ஒரு புதிய டைனோசரை அறிவித்தார்கள். தார் பாலைவனத்தின் பெயரையும் இந்தியாவின் பெயரையும் சேர்த்து 'தாரோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி. வயது ஏறத்தாழ 16.7 கோடி ஆண்டு. அதன் குடும்பத்தில் உலகில் இதுவரை கிடைத்தவற்றில் இதுவே பழையது. எலும்புகள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டன.

ஜெய்சல்மேருக்குக் கிழக்கே தையாத் ஊரருகே 2014இல் டைனோசர் காலடித் தடங்கள் கண்டறியப்பட்டன. கண்டெடுத்த ஊரிலேயே ஒரு சிறு காட்சிக்கூடம் அமைத்து, எலும்புகளின் அச்சுப் பிரதிகளையும் தடங்களின் பிரதிகளையும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூலம் ஆய்வகத்தில் இருக்கட்டும். ஜேட்வாய்ப் பிள்ளைகளும் உங்கள் மகனும் பார்க்க ஒரு பிரதியாவது இருக்க வேண்டும்.

9. பாலைவனத்தில் பனிப்பாறை இருந்தது என்பது உண்மையா?

உண்மை. பலோதிக்கு அருகே 'பாப்' என்ற ஊர் இருக்கிறது. அங்கே பல வகைக் கற்கள் கலந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்துக்கு அருகிலிருந்த கண்டத்தோடு ஒட்டியிருந்தபோது, பனியாறுகள் இழுத்து வந்து விட்டுச்சென்றவை அவை. சில கற்களின் பக்கங்கள் தேய்ந்து தட்டையாகியிருக்கும். பனிக்கு அடியில் உராய்ந்த கோடுகளும் தெரியும். 4ஆம் பதிலில் சொன்ன 51 டிகிரி வெயில் பதிவான வட்டாரத்தில்தான் இந்தப் பனிக்கற்கள் கிடக்கின்றன. பார்க்கச் சாதாரணக் கூழாங்கல் போலவே இருப்பதால் கட்டடத்துக்கு அள்ளிப்போகிறவரைக் குறைசொல்லவும் முடியாது. அவருக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

10. தரையில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒரு சிறு கல்லை நினைவாக எடுத்துவந்தால் என்ன குறைந்துவிடும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் விட்டுக்கொடுக்காத பதிலும் இதற்குத்தான். ஒரு புதைபடிவத்தின் மதிப்பில் பெரும்பகுதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த அடுக்கில், எதன் மேலே, எதன் கீழே, எதன் அருகில் என்ற விவரங்களை வைத்துத்தான் அதன் வயதையும் வாழ்ந்த சூழலையும் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்த பிறகு அது ஒரு சுருள் கல் மட்டுமே. நம் வீடுகளில் வைத்து வணங்கும் சாளக்கிராமம் போன்ற சுருள் ஓடுகள், அதாவது அம்மோனைட்டுகள், ஜெய்சல்மேர்ச் சுண்ணாம்புப் பாறைகளிலும் உண்டு. அழகானவை என்பதால் அவையே முதலில் காணாமல் போகின்றன.

ஒரு பேருந்தில் 40 பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.

11. நான் தரையில் எடுக்கவில்லை, கடையில்தான் ஹாபூர்க் கல் கிண்ணம் வாங்கினேன். அதில் பால் ஊற்றினால் தானாகத் தயிராகும் என்றார்கள். அதுவும் தவறா?

ஹாபூர் ஜெய்சல்மேர் மாவட்டத்திலுள்ள ஊர். அங்கே கிடைப்பது கிரிட்டேசியக் காலக் கடலில் படிந்த, சிப்பி ஓடுகளும் அம்மோனைட்டுகளும் நிறைந்த, இரும்புச் சத்தால் செம்மஞ்சள் ஏறிய சுண்ணாம்புக்கல். மெருகிட்டால் ஓடுகளின் வடிவம் பூப்போலத் தெரியும். பாலைத் தயிராக்குவது நுண்ணுயிர். ஒருமுறை தயிர் இருந்த கல் பாத்திரத்தின் நுண்துளைகளில் அது தங்கியிருந்தால் அடுத்த முறை உறை ஊற்றாமலேயே தோயும். நம் வீட்டு மண்சட்டியிலும் இது நடக்கும். கல்லுக்குத் தனிச் சக்தி தேவையில்லை.

வாங்கியதைத் தூக்கி எறிய வேண்டாம், கைவினைஞரின் உழைப்பும் அதில் இருக்கிறது. இனி வாங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். 'தயிர்க் கல்' என்ற பெயரில் கிண்ணம் கிண்ணமாக விற்பது ஒரு புதைபடிவப் படுகையை. அதே கைவினைஞர் ஜெய்சல்மேரின் சாதாரண மஞ்சள் கல்லில் செய்த பொருள்களும் அதே கடையில் கிடைக்கும்.

12. இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா?

புவிமரபுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தொல்லியல் சின்னங்களுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது மனிதர் கட்டியதையும் செதுக்கியதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆகல் வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால் அதற்கு ஒரு காவல் உண்டு. ஜேட்வாய், தையாத், பாப் போன்ற இடங்களுக்கு அது கிடையாது. 'தேசிய நினைவுச்சின்னம்' என்ற அறிவிப்புக்கும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை.

2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. புவிமரபு இடங்களைச் சேதப்படுத்துவோருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. அதிகாரம் முழுவதையும் ஒரே துறையிடம் குவிக்கிறது, பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடமில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனாலும் குறையைத் திருத்திக்கொண்டு சட்டத்தை விரைந்து கொண்டுவர வேண்டும்.

13. கல் குவாரிகளை மூடிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. ஜோத்பூர் மணற்கல்லும் ஜெய்சல்மேர் மஞ்சள் கல்லும் மக்ரானாவின் சலவைக்கல்லும் ஏராளமான குடும்பங்களின் சோறு. இவ்வட்டாரத்தின் அடையாளமும் அவைதான். 1943இல் கட்டி முடிக்கப்பட்ட உமைத் பவன் அரண்மனை முழுவதும் உள்ளூர்ச் 'சித்தர்' மணற்கல். மக்ரானா சலவைக்கல்லை 2019இல் உலகப் பாரம்பரியக் கல் வளமாகச் சர்வதேச நிலவியல் அமைப்பு ஏற்றது. அந்த ஏற்பு குவாரியை நிறுத்தச் சொல்வதில்லை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஜோத்பூரை அடுத்த சூர்சாகர் குவாரிகளில் வெட்டிய மணற்கல் பலகைகளில்தான் விலங்குகள் தோன்றிய தொடக்க காலத்து எடியாக்கரன் உயிர்த் தடங்களும், நுண்ணுயிர்ப் பாய்கள் விட்ட சுருக்கங்களும் கண்ணில் பட்டன. குவாரி இல்லையென்றால் அவை இன்றும் மறைந்தே இருந்திருக்கும். வெட்டும்போது ஆய்வாளர்களைக் கூப்பிடுவதும், வேலை முடிந்த குவாரியில் ஒரு சுவரையாவது மூடாமல் காட்சிக்கு விட்டுவைப்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும். குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்னும் சிலிகோசிஸ் நோயையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019இல் ராஜஸ்தான் அரசு அதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. கல்லைக் காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் கல் உடைப்பவரை மறந்தால் அந்தப் பேச்சில் பொருளில்லை.

14. சூரிய மின்சாரம் நல்லதுதானே? அதையும் எதிர்க்கிறீர்களா?

எதிர்க்கவில்லை. பலோதி வட்டாரத்தில் பட்லா என்ற இடத்தில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா இயங்குகிறது. உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. வருவாய்த் துறைப் பதிவேட்டில் மக்ரா நிலம் பெரும்பாலும் 'தரிசு'. ஆகவே கேட்டவுடன் கிடைக்கிறது, இயந்திரம் வந்து சமன் செய்துவிடுகிறது. அங்கே எந்தப் பாறை அடுக்கு வெளியே தெரிந்தது என்று யாரும் பதிவு செய்வதில்லை.

ஊர்கள் காலங்காலமாகத் தெய்வத்தின் பெயரால் காத்துவரும் 'ஓரண்' நிலங்களும் இப்படிப் போகத் தொடங்கின. மக்கள் போராடினார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை அளந்து அறிவிக்கும்படி ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. கானமயில் என்று நாம் அழைக்கும் பறவை கடைசியாகப் பிழைத்திருக்கும் நிலமும் இதுதான். பறவைக்கும் ஓரணுக்கும் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பாறைக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். நிலம் ஒதுக்கும் முன் நிலவியலாளர் ஒருவர் நடந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

15. சுற்றுலா வந்தாலே குப்பையும் சத்தமும் வரும். புவிச்சுற்றுலா என்று ஆட்களை அழைத்துவருவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். ஜெய்சல்மேர்க் கோட்டையே அதற்குச் சாட்சி. 1156இல் கட்டத் தொடங்கிய, இன்றும் மக்கள் குடியிருக்கும் கோட்டை அது. அதன் கீழே களிமண் கலந்த மென்மையான அடுக்குகள் இருக்கின்றன. சிறிதளவு மழையைத் தாங்கும்படி முன்னோர் வடிகால் அமைத்திருந்தார்கள். குழாய் நீர் வந்து, விடுதிகள் பெருகி, குளியலறைகள் கூடியபின் கசிந்த நீர் குன்றுக்குள் இறங்கியது. அடித்தளம் இளகிக் கொத்தளங்கள் சரிந்தன. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டைக்கே இந்த நிலை. பாறை எவ்வளவு நீரைத் தாங்கும் என்று கேட்காமல் அனுமதித்த சுற்றுலா அது.

ஆள் வராத இடமும் தானாகக் காப்பாற்றப்படுவதில்லை. யாருக்கும் தெரியாத இடத்தை யாரும் கேட்காமல் இடிக்க முடிகிறது. சிறு குழுக்கள், குறித்த பாதை, உள்ளூர் வழிகாட்டி கட்டாயம், மிக மென்மையான இடங்களைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவைத்தல் ஆகிய நான்கையும் கடைப்பிடிக்க முடியாத இடத்தைத் திறக்கவே கூடாது.

16. இப்படிச் சரியாகச் செய்த இடம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. மெஹ்ரான்கட் அடிவாரத்தில் ஏறத்தாழ 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை நிலம் குப்பைமேடாகவும் சீமைக் கருவேலங் காடாகவும் கிடந்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த அதே சீமைக் கருவேலம், அங்கே அதன் பெயர் 'பாவளியா'. 2006இல் சூழலியலாளர் பிரதீப் கிருஷென் தலைமையில் பணி தொடங்கியது. வெட்டினால் மீண்டும் துளிர்த்தது. வேர் பாறை இடுக்கில் ஆழமாக இருந்தது. கோட்டைக்கு அருகே வெடிவைக்கவும் முடியாது.

அப்போது துணைக்கு வந்தவர்கள் பரம்பரையாக மணற்கல் வெட்டும் கண்ட்வாலியா சமூகத்தினர். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே எங்கே பிளவு இருக்கிறது, எப்படி உடையும் என்று சொல்லக்கூடியவர்கள். உளியால் குடைந்து வேரை முழுவதுமாக எடுத்தார்கள். அந்தக் குழிகளில் பாறைநிலத்துக்கே உரிய தாரின் செடிகளை நட்டார்கள். 2011இல் பூங்கா திறந்தது. இன்று பாதை போட்டு, உள்ளூர் வழிகாட்டிகள் பாறையையும் செடியையும் சேர்த்தே விளக்குகிறார்கள். கோட்டைக்கு நீர் கொண்டுவர முன்னோர் பாறையை வெட்டிய 'ஹாத்தி நஹர்' கால்வாய்க்குள் நடந்தால் இருபுறமும் எரிமலைப் பாறையைத் தொட்டுப் பார்க்கலாம். பட்டம் பெற்றவரின் அறிவும் உளி பிடித்தவரின் அறிவும் சேர்ந்ததால்தான் இது நடந்தது. ஆகலில் எனக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

17. 2024இல் ஜெய்சல்மேரில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் பீறிட்டதே, அது சரஸ்வதி நதிதானே?

2024 டிசம்பர் 28 அன்று மோகன்கட் பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது நீர் பீறிட்டு, துளையிடும் இயந்திரமும் லாரியும் மண்ணுக்குள் போயின. சரஸ்வதி வந்துவிட்டது என்று வீடியோக்கள் பரவின. நடந்தது இதுதான்: நீர் தேங்கிய மணற்கல் அடுக்கின் மேல் நீர் புகாத கெட்டிக் களிமண் மூடி இருந்தது. அடியில் நீர் அழுத்தத்தில் இருந்தது. மூடியைத் துளைத்ததும் மேலே வந்தது. அந்த அடுக்குகள் மனிதர் தோன்றுவதற்கு மிகமிக முற்பட்டவை. வேதகால நதியோடு அவற்றை முடிச்சுப்போட முடியாது.

பழைய ஆற்றுத் தடங்கள் தாரில் இருப்பதும், அவற்றை ஆய்வாளர்கள் தேடுவதும் உண்மை, அது வேறு செய்தி. புவிச்சுற்றுலா வழிகாட்டி இந்த இரண்டையும் கலக்காமல் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பக்திக்கும் பாறைக்கும் சண்டை வேண்டியதில்லை, உள்ளதைச் சொன்னாலே கேட்பவர் வியப்பார்.

18. சீனாவில் பாலைவன ஜியோபார்க் இருக்கிறதாம். இந்தியாவில் ஏன் ஒன்றுகூட இல்லை?

சீனாவின் உள் மங்கோலியாவில் ஆல்ஷா பாலைவனப் பூங்கா யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காக்களில் (ஜியோபார்க்) ஒன்று. 2025 ஏப்ரல் நிலவரப்படி 50 நாடுகளில் 229 பூங்காக்கள் இருந்தன. இந்தியாவில் ஒன்றும் இல்லை. பாறை போதாமல் இல்லை. யுனெஸ்கோ கேட்பது பாறையை மட்டும் அல்ல: எல்லை வகுத்த ஒரே நிலப்பகுதி, அதை நடத்தச் சட்டப்படி அமைந்த ஒரு நிர்வாகக் குழு, அங்கே வாழும் மக்களின் பங்கு, பள்ளிக் கல்வி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வும் உண்டு, தவறினால் தகுதி போய்விடும். புவிப்பூங்கா நிர்வாகம் புதைபடிவ விற்பனையில் ஈடுபடக் கூடாது என்பதும் விதி. 11ஆம் பதிலையும் 12ஆம் பதிலையும் சேர்த்துப் படித்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும்.

பட்டம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஆகல், தையாத், ஜேட்வாய், குல்தரா ஆகிய நான்கையும் ஒரே பாதையாக இணைத்து, அந்தந்த ஊர் இளைஞர்களுக்கு ஜோத்பூர்ப் பல்கலைக்கழக நிலவியலாளர்களைக் கொண்டு பயிற்சி கொடுத்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் தொடங்கலாம்.

19. நடந்துபோகும்போது எலும்பு போன்ற ஒரு கல்லைக் கண்டால் நான் என்ன செய்வது, யாரிடம் சொல்வது?

தோண்டாதீர்கள், கழுவாதீர்கள், துண்டுகளை ஒட்டிப் பார்க்காதீர்கள். 10ஆம் பதிலில் சொன்னபடி படமும் இடக்குறிப்பும் எடுங்கள். சமூக ஊடகத்தில் இடத்தோடு பதிவிட வேண்டாம், ஆய்வாளர்களுக்கு முன் வேறு ஆட்கள் போய்விடுவார்கள். முதலில் அந்த ஊர்ப் பஞ்சாயத்திடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் சொல்லுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு ஜெய்ப்பூரில் அலுவலகம் இருக்கிறது, அருகிலுள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்கும் எழுதலாம்.

2025 ஆகஸ்டில் ஜெய்சல்மேர் மாவட்டத்து மேகா என்ற ஊரில் நீர்நிலை அருகே தோண்டிக்கொண்டிருந்த மக்கள் எலும்புக்கூடு போன்ற ஒன்றைக் கண்டார்கள். வேலையை நிறுத்திவிட்டு அதிகாரிகளிடம் தெரிவித்தார்கள். நிலவியலாளர்கள் வந்து பார்த்து, முதலையை ஒத்த உருவமுடைய, டைனோசர் காலத்துப் பைட்டோசார் என்ற விலங்கு என அடையாளம் கூறினார்கள். மேகா மக்கள் எவரிடமும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கண்டவுடன் சொன்னார்கள், சொல்லும்வரை கை வைக்கவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.